வெள்ளைப் படகில் பழுப்புக் கோடு

கோவளத்தில் பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். பதினெட்டு அடி, வெள்ளை நிறம். அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், கயிறு கட்டும் கொண்டிக்குக் கீழே ஒரு பழுப்புக் கோடு தண்ணீர் மட்டம் வரை இறங்குகிறது. தளத்தில் வட்டமாக ஒரு கறை. ஒரு பக்கம் முழுக்க மிளகுத்தூள் தூவியது போலப் புள்ளிகள். பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றிக் கம்பி நாரால் தேய்த்திருக்கிறீர்கள். கோடு இன்னும் அழுத்தமாகிவிட்டது. இனி என்ன செய்வது, பெயின்ட் அடித்து மூடிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

பெயின்ட் வேண்டாம். பெயின்டுக்கு அடியிலிருந்தும் துரு வரும், அப்போது பெயின்டும் சேர்ந்து உரியும். கறையை எடுப்பது ஒரு காலை நேர வேலைதான். ஆனால் அதற்கு முன் ஒன்று: பிளீச்சிங் பவுடர் போட்ட படகை நல்ல தண்ணீர் விட்டு இரண்டு மூன்று முறை அலசி, ஒரு நாள் காயவிடுங்கள். நான் கீழே சொல்லப்போவது அமில வைத்தியம். பிளீச்சிங் பவுடர் மிச்சம் இருக்கிற இடத்தில் எந்த அமிலம் பட்டாலும் குளோரின் வாயு கிளம்பும். திறந்தவெளிதானே என்று நினைக்காதீர்கள். படகுக்குள் குனிந்து தேய்க்கிறவன் முகம் இருக்கும் இடத்தில்தான் அந்த வாயு வந்து நிற்கும்.

பிளீச்சிங் ஏன் வேலை செய்யவில்லை என்றால், அது சாயத்தை வெளுக்கிற சரக்கு. சாம்பார்க் கறை, மஞ்சள் கறை, பாசிக் கறை இவற்றின் நிறத்தை உடைக்கும். துரு அப்படியில்லை. இரும்பும் ஆக்சிஜனும் ஈரமும் சேர்ந்து உண்டான பொருள் அது. பிளீச்சிங் பவுடர் இன்னும் கொஞ்சம் ஆக்சிஜனைக் கொண்டுவந்து கொடுக்கிறது, கூடவே குளோரைடையும். அரைகுறையாக இருந்த துருவை முழுத் துருவாக்கிக் கெட்டிப்படுத்திவிட்டு, மேலே இருக்கிற போல்ட்டையும் அரிக்கும். கோடு அழுத்தமானதற்கு அதுதான் காரணம், நீங்கள் தேய்த்த தேய்ப்பில் குறையில்லை.

கம்பி நார் கதை தனி. கம்பி நார், கம்பி பிரஷ் இரண்டையும் ஃபைபர் படகுப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இரும்பு இழைகள் ஒடிந்து மேல்பூச்சில் குத்தி நிற்கும். அடுத்த பனிக்கு ஒவ்வொன்றும் ஒரு புள்ளியாகப் பூக்கும். நீங்கள் தேய்த்த இடத்தில் இன்னும் பத்து நாளில் புதிதாகப் புள்ளி வந்தால் பயப்பட வேண்டாம், யார் வைத்தது என்று தெரிந்துவிட்டது.

ஃபைபர் துருப்பிடிக்காது என்பது உங்களுக்கும் தெரியும். கண்ணாடி இழை, ரெசின், அதன்மேல் வெள்ளை நிறத்தில் ஜெல் கோட்டு என்கிற பூச்சு. இவ்வளவுதான் படகு. அந்த ஜெல் கோட்டு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனம் இருக்கும், அவ்வளவே. புதிதில் கண்ணாடி போல் வழவழப்பாக இருப்பது, நம் ஊர் வெயிலில் சில வருடம் கிடந்தால் சுண்ணாம்புச் சுவர் மாதிரி ஆகிவிடும். கை வைத்துத் தடவினால் வெள்ளையாக மாவு ஒட்டும். அந்த நுண்ணிய துளைகளுக்குள்தான் துருத் தண்ணீர் போய் உட்காருகிறது. புதுப் படகில் துணியால் துடைத்தால் போகிற கறை, பழைய படகில் போகாததற்கு இதுதான் காரணம்.

அப்படியானால் துரு வேறு எங்கிருந்தோ வந்திருக்கிறது. நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் காசிமேட்டில் ஒரு படகைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். சுனாமிக்கு அப்புறம் கட்டுமரம் குறைந்து கடற்கரை முழுக்க ஃபைபர் படகாக நிறைந்துகொண்டிருந்த சமயம். காலையிலிருந்து மத்தியானம் வரை ஒரே கோட்டைத் தேய்க்கிறேன். பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, கூரை ஒழுவுனா தரைய தொடைச்சிக்கினே இருப்பியா? மேல பாரு.” மேலே பார்த்தேன். கொண்டிக்கு அடியில் ஒரு ஸ்க்ரூ, தலை மட்டும் பளபளவென்று இருந்தது. கழற்றினால் தலை கையில் வந்தது, தண்டு உள்ளேயே தங்கிவிட்டது.

உங்கள் மூன்று கறையும் மூன்று வேறு இடத்திலிருந்து வந்தவை என்று நினைக்கிறேன்.

கோடாக இறங்குகிற கறைக்கு மேலே கட்டாயம் ஒரு போல்ட்டோ ஸ்க்ரூவோ இருக்கும். கோட்டின் மேல்முனையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போங்கள், எங்கே முடிகிறதோ அதுதான் ஆள். தளத்தில் வட்டமாக இருப்பது யாரோ பெயின்ட் டப்பாவையோ டீசல் தகரத்தையோ ராத்திரி முழுக்க வைத்துவிட்டுப் போன அடையாளம். நங்கூரத்தை வைத்திருந்தால் வட்டமாக இருக்காது, கொக்கி வடிவம் அப்படியே பதிந்திருக்கும். சங்கிலி என்றால் கண்ணி கண்ணியாக. இவற்றுக்குக் காரணம் தேட வேண்டியதில்லை, இனி வைக்காமல் இருந்தால் போதும். நங்கூரத்துக்கு அடியில் ஒரு பழைய ரப்பர் விரிப்போ டயர்த் துண்டோ போட்டுவையுங்கள்.

அந்தப் புள்ளிகள்தான் சுவாரசியம். ஒரே பக்கம் மட்டும் இருக்கிறது என்கிறீர்கள். கம்பி நார் அந்தப் பக்கம் முழுக்கவா போயிற்று? இல்லையென்றால் பக்கத்தில் யாரோ இரும்பு அறுத்திருக்கிறார்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையேறி நிற்கும். வெல்டிங், கிரைண்டிங் என்று துறைமுகமே பட்டறை மாதிரி இருக்கும். கிரைண்டரிலிருந்து பறக்கிற தீப்பொறி வெறும் நெருப்பில்லை, சூடேறிய இரும்புத் துகள். பறந்து வந்து ஜெல் கோட்டில் விழுந்தால் அந்தச் சூட்டிலேயே பூச்சைப் பொசுக்கிக்கொண்டு உள்ளே பதிந்துவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. நண்பர் ஒருவரின் படகு அப்படித்தான் ஒரு விசைப்படகுக்குப் பக்கத்தில் நின்றது. மூன்றாம் நாள் காலையில் வந்து பார்த்தவர், அம்மை போட்டது மாதிரி இருக்கிறதே என்று போன் செய்தார். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு பழுப்பு வட்டத்தின் நடுவிலும் கடுகில் பத்தில் ஒரு பங்கு அளவில் கறுப்பாக ஒரு துகள். கறையை எடுத்தாலும் துகள் இருக்கிற வரை மறுபடி வரும். அதனால் புள்ளிக் கறைக்கு ஒரு முறை மருந்து போட்டால் போதாது, இரண்டு மூன்று முறை போட்டுத் துகளே கரைகிற வரை விட வேண்டும்.

காற்றில் வரும் இரும்பு என்றதும் பழைய நினைவு. ராயபுரத்துக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். சென்னைத் துறைமுகத்தில் இரும்புத் தாதும் நிலக்கரியும் ஏற்றி இறக்கிய காலத்தில், மொட்டைமாடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டி செம்மண் சாயம் தோய்த்தது மாதிரி ஆகும் என்பார்கள். 2011-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி அந்த வருடம் அக்டோபரிலிருந்து இரண்டும் அங்கே நின்றன. அதற்கு முந்தைய காலத்துப் படகு உங்களுடையது என்றால், அந்தத் தூசியும் கொஞ்சம் அதில் இருக்கலாம்.

இன்னொரு காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் சந்தேகப்படுவதில்லை. படகை எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள்? நம் ஊரில் எத்தனையோ போர் தண்ணீரில் இரும்பு உண்டு. குழாயில் வரும்போது தெளிவாக இருக்கும், வாளியில் பிடித்து வைத்தால் ஒரு மணி நேரத்தில் மேலே எண்ணெய்ப் படலம் போல ஏதோ மின்னும், அடியில் பழுப்பாகப் படியும். அந்தத் தண்ணீரில் வாரா வாரம் படகைக் கழுவினால், சுத்தம் செய்யச் செய்ய மஞ்சளாகும். குளியலறை டைல்ஸ் மஞ்சளாவது போலத்தான். முழுப் படகும் ஒரே சீராக மஞ்சளடித்திருந்தால் முதலில் போர் தண்ணீரைத்தான் பிடிப்பேன்.

சரி, வைத்தியத்துக்கு வருகிறேன்.

வேண்டியது ஆக்ஸாலிக் ஆசிட். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். வெள்ளைப் படிகமாகக் கிடைக்கும், பார்க்கச் சர்க்கரை மாதிரி இருக்கும். மொசைக், மார்பிள் தரைக்குப் பாலிஷ் போடுகிறவர்கள் தினமும் புழங்குகிற சாமான். பாரிமுனைப் பக்கம் கெமிக்கல் கடைகளில் கிலோக் கணக்கில் வாங்கலாம். படகுக்கென்றே வெளிநாட்டுப் பெயரில் சின்ன டப்பாவில் வருகிற துருநீக்கிகள் பலவற்றில் இருப்பதும் இதேதான். டப்பா வாங்குவது தப்பில்லை, களி பதத்தில் இருப்பதால் ஒழுகாமல் நிற்கும். காசு மட்டும் அதிகம்.

இது என்ன செய்கிறது என்றால், துருவில் இருக்கிற இரும்பைச் சுற்றி வளைத்துப் பிடித்துத் தண்ணீரில் கரைகிற பொருளாக மாற்றிவிடுகிறது. தேய்க்கவே வேண்டாம். சும்மா ஈரமாக வைத்திருந்தால் போதும். கறை கரையும்போது பழுப்பு மங்கி, தண்ணீர் இளம்பச்சையும் மஞ்சளும் கலந்த நிறத்துக்கு வரும். அந்தப் பச்சை தெரிந்தால் மருந்து பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 50 முதல் 80 கிராம் போதும். பிளாஸ்டிக் வாளியில் முதலில் தண்ணீர், அப்புறம் படிகம். அலுமினியப் பாத்திரம் ஆகாது. வீட்டில் சமைக்கிற எதையும் இதற்குத் தொடாதீர்கள், கரண்டி உட்பட. தண்ணீர் எதுவாக இருக்கலாம் என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. கடினத் தண்ணீரில் உள்ள கால்சியத்தோடு இந்த ஆசிட் சேர்ந்து கரையாத வெள்ளைப் பொடியாகிவிடும். போர் தண்ணீரில் கலக்கி, வாளி பால் மாதிரி ஆகிவிட்டதே என்று கேட்டவர்கள் உண்டு. பாதி மருந்து அங்கேயே வீண், மீதி படகில் வெள்ளைப் படலமாக நிற்கும். மெட்ரோ தண்ணீர், மழைத் தண்ணீர், அதுவும் இல்லையென்றால் ஒரு கேன் தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள். கரைப்பதற்கு மட்டும்தானே.

முதலில் படகைச் சோப்புத் தண்ணீரால் கழுவி உப்பையும் எண்ணெய்ப் பிசுக்கையும் எடுத்துவிடுங்கள். எண்ணெய் இருக்கிற இடத்தில் ஆசிட் உள்ளே இறங்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தபோது அந்தப் பக்கத்துப் படகெல்லாம் கறுப்பாகிப்போனது நினைவிருக்கும். அப்படிப் பட்ட படகுகளில் எண்ணெயை முழுக்க எடுக்காமல் துருவுக்கு மருந்து போட்டால், தாமரை இலைத் தண்ணீர் மாதிரி முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும்.

அப்புறம் நேரம். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து எட்டுக்குள் முடித்துவிடுங்கள், இல்லையென்றால் நிழலில் செய்யுங்கள். இது உங்கள் உடம்புக்காக மட்டும் சொல்வதில்லை. ஆசிட் காய்ந்தால் வேலை நின்றுவிடும், அது ஒன்று. இன்னொன்று, கரைந்து பச்சையாக நிற்கிற அந்த இரும்பு வெயில் பட்டால் சிதைந்து, கரையாத மஞ்சள் பொடியாக மாறிவிடும். வெயிலில் வேலை செய்துவிட்டு, பழுப்பு போய் மஞ்சள் வந்துவிட்டதே என்று புலம்புகிறவர்கள் நிறையப் பேர்.

தளத்தில் இருக்கிற வட்டக் கறைக்கு பிரஷ்ஷால் தடவி விட்டால் போதும், தேங்கி நிற்கும். பக்கச் சுவரில் ஓடிவிடும். அதற்கு நான் செய்வது இது: பழைய வேட்டியை நான்கு விரல் அகலத்துக்குக் கிழித்து, மருந்தில் நனைத்து, கோட்டின் மேலேயே ஒட்டிவிடுவேன். ஈரத்துணி தானாகவே ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் பாலிதீன் தாளை வைத்து ஓரத்தில் டேப். பதினைந்து நிமிடம். தாளைத் தூக்கிப் பார்த்தால் துணியில் கோடு அப்படியே இறங்கியிருக்கும், படகில் மங்கியிருக்கும். போகவில்லையென்றால் புதுத்துணி, புது மருந்து, இன்னொரு பதினைந்து நிமிடம். மருந்தின் அளவைக் கூட்டாதீர்கள், முறையைக் கூட்டுங்கள். சிலர் போஸ்டர் ஒட்டுகிற மைதாப் பசையில் ஆசிட்டைக் கலந்து பூசுகிறார்கள். அதுவும் வேலை செய்கிறது, கழுவுவதுதான் நச்சுப் பிடித்த வேலை.

எல்லாவற்றுக்கும் முன்னால், கண்ணில் படாத ஒரு மூலையில் ரூபாய் அளவு இடத்தில் போட்டுப் பாருங்கள். வெள்ளைப் படகில் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கருநீலம், சிவப்புப் பட்டை இருந்தால் அங்கே வெளுத்துப்போகலாம். பதிவு எண் எழுதியிருக்கும் இடத்தையும் ஒதுக்கிவிடுங்கள். எஞ்சின் மாட்டுகிற அலுமினியப் பாகம், ஜி.ஐ. என்கிற துத்தநாகம் பூசிய இரும்புச் சாமான், டிரெய்லரின் துத்தநாகப் பூச்சு இவற்றின் மேல் வழியவிடாதீர்கள்.

கையில் ரப்பர் உறை, கண்ணுக்குக் கண்ணாடி. படிகத்தை வாளியில் கொட்டும்போது காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து நில்லுங்கள், அந்தப் பொடி மூக்கில் ஏறினால் அரை நாள் தும்மல். வயிற்றுக்குள் போனால் நிலைமை வேறு: உடம்பில் இருக்கிற கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சிறுநீரகத்தில் போய் அடைக்கிற விஷம் இது. சர்க்கரை மாதிரி இருக்கும் என்று சொன்னேன் அல்லவா? அதனால்தான் மிச்சத்தைப் பழைய தண்ணீர் பாட்டிலிலோ ஹார்லிக்ஸ் பாட்டிலிலோ போட்டு வைக்கக் கூடாது. கடையில் கொடுத்த பையோடு, பெயர் எழுதி, பூட்டி வையுங்கள். வாளியில் மிஞ்சிய கரைசலில் ஒரு கை சுண்ணாம்பைப் போட்டால் எல்லாம் வெள்ளை வண்டலாக அடியில் இறங்கிவிடும், அப்புறம் அதில் வீரியம் இருக்காது. கழுவுகிற வேலையைக் கரைமேல் வைத்துக்கொள்ளுங்கள், முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் மிதந்துகொண்டு செய்யாதீர்கள்.

முடித்ததும் நிறையத் தண்ணீர் விட்டு அலசி, ஒரு வாளிக்கு இரண்டு கரண்டி ஆப்ப சோடா போட்ட தண்ணீரால் ஒரு முறை துடைத்து, மறுபடி நல்ல தண்ணீர்.

புளி, எலுமிச்சை போடலாமா என்று வீட்டில் கேட்பார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது, பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத்தானே துலக்குகிறோம்? அதே அமில வேலைதான், வீரியம் குறைவு. ஆனால் வெள்ளைப் படகில் புளியைப் பூசினால் துருக்கறை போகுமோ போகாதோ, புளிக்கறை நிச்சயம். எலுமிச்சை பரவாயில்லை. லெமன் சால்ட் என்று மளிகைக் கடையில் கிடைக்கிற சிட்ரிக் ஆசிட் அதைவிடப் பரவாயில்லை. லிட்டருக்கு 100 கிராம் கரைத்து, அதே வேட்டித் துணி முறையில் ஒரு மணி நேரம் வைத்தால் லேசான கறை போய்விடும். சின்னக் குழந்தைகள் ஓடியாடுகிற வீடு என்றால் நான் முதலில் இதைத்தான் சொல்வேன். கேரளாப் பக்கம் தோட்டத்தில் காய்க்கிற பிலிம்பிக்காயைக் கசக்கித் துணியில் இருக்கிற துருக்கறைக்குப் போடுவார்கள். அந்தக் காயில் இருப்பதும் ஆக்ஸாலிக் ஆசிட்தான், கடையில் வாங்காமல் மரத்தில் பறிக்கிறார்கள், அவ்வளவு வித்தியாசம்.

பாத்ரூம் ஆசிட் வேண்டவே வேண்டாம். எனக்குத் தெரிந்தவரையில் ஃபைபர் படகைக் கெடுத்ததில் முதல் இடம் அதற்குத்தான். அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். துரு கண் எதிரே கரையும், மறுக்கவில்லை, பார்க்க ஆனந்தமாக இருக்கும். ஆனால் வழிந்து ஓடி எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட்டுக்கு அடியில் போய்த் தங்கும். எஸ்.எஸ். துருப்பிடிக்காமல் இருப்பதே அதன் மேல் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத குரோமியப் படலத்தால்தான். அந்தப் படலத்துக்குக் குளோரைடு எமன். கடல் உப்பில் இருப்பதும் அதே குளோரைடு, பாத்ரூம் ஆசிட்டில் இருப்பதும் அதே. இந்த மாதம் பளிச்சென்று இருக்கும் படகில் அடுத்த மாதம் இரண்டு கோடு இறங்கும். கருத்த டிரம்மில் தள்ளுவண்டியில் கொண்டுவந்து விற்கிற சரக்கு என்றால் அதில் என்ன வீரியம் என்று விற்கிறவருக்கே தெரியாது.

இதெல்லாம் போட்டும் போகாத கறை இருக்கலாம். உற்றுப் பார்த்தால் அங்கே தலைமுடி மாதிரி விரிசல்கள் இருக்கும், துரு அதற்குள் இறங்கியிருக்கும். அங்கே 1000 நம்பர் வாட்டர் பேப்பரை, அதாவது ஈரத்தில் தேய்க்கிற உப்புத்தாளை, தண்ணீர் தொட்டு லேசாகத் தேய்த்து, 2000-க்குப் போய், ரப்பிங் காம்பவுண்ட் போட்டு மெருகேற்றலாம். அரை மில்லிமீட்டர்தான் கனம் என்று சொன்னேன், அதை மறக்காதீர்கள். வெள்ளை மங்கி அடியில் இழை நிழலாடுகிறது என்றால் நிறுத்திவிட வேண்டியதுதான், அதற்கு மேல் ஃபைபர்காரரைக் கூப்பிட்டு ஜெல் கோட்டு வைக்கச் சொல்லுங்கள். கறை போன இடத்தில் கண்டிப்பாக ஒரு கை மெழுகு. துளை அடைந்தால்தான் அடுத்த கறை மேலாப்பிலேயே நிற்கும்.

இனி அந்த போல்ட்.

கறையை எடுத்துவிட்டால் ஒரு சௌகரியம், குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம். ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஸ்க்ரூவுக்கும் கீழே ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டிவிட்டு, கொஞ்சம் கடல் தண்ணீரைத் தெளித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுங்கள். மழை வேண்டியதில்லை. உப்புக்குக் காற்றிலிருந்து ஈரம் இழுக்கிற குணம் உண்டு, நம் கடற்கரையில் ராத்திரி முழுக்க அது ஈரமாகவே இருக்கும். மூன்று நாள் கழித்து எந்த டேப்பில் பழுப்புத் தெரிகிறதோ அதன் மேல் இருக்கிற போல்ட் மட்டும்தான் ஆகாதது. எல்லாவற்றையும் மாற்றிச் செலவு செய்ய வேண்டாம்.

கழற்றினால் அசந்துபோவீர்கள். தலையும் நட்டும் நன்றாக இருக்கும், நடுவில் தண்டு உடுக்கை மாதிரி இடுப்புச் சிறுத்திருக்கும். எஸ்.எஸ்.ஸின் அந்தக் குரோமியப் படலம் சிராய்ந்தால் தானாகவே வளரும், அதற்குக் காற்று வேண்டும். ஓட்டைக்குள் உப்புத் தண்ணீர் தேங்கி, வாஷர் மேலே அழுத்திக்கொண்டு, காற்றே இல்லாத இடத்தில் அது வளர வழியில்லை. அதனால் வெளியே தெரிகிற தலை பளபளக்கும், தெரியாத நடு அரிக்கும். அந்த போல்ட்டை நம்பித்தான் நங்கூரக் கயிறு கட்டுகிறோம் என்பதால் இது அழகு சம்பந்தப்பட்ட விஷயமில்லை.

மாற்றும்போது கடையில் “எஸ்.எஸ். போல்ட்” என்று மட்டும் கேட்காதீர்கள். 202 கொடுப்பார்கள், படிக்கட்டுக் கைப்பிடிக்குப் போடுகிற ரகம், கடலோரத்தில் அது துருப்பிடிக்கும். 304 நடுத்தரம். 316 கேளுங்கள். அதில் 2 முதல் 3 சதவிகிதம் மாலிப்டினம் சேர்ந்திருக்கும், குளோரைடுக்குத் தாக்குப்பிடிப்பது அதனால்தான். கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டி “ஒட்டலையே சார், ஒரிஜினல்” என்பார். காந்தம் 304-ஐயும் 316-ஐயும் பிரித்துக் காட்டாது, 202-உம் பெரும்பாலும் ஒட்டாது. தலையில் ஏ4 என்று பொறித்திருந்தால் அது 316 வகை. ஏ2 என்றால் 304. நல்ல கம்பெனிச் சரக்கில் இந்த எழுத்து இருக்கும்.

கொண்டியின் பழைய போல்ட்டை எடுத்ததும் உடனே புதிதைப் போட்டு மூடிவிடாதீர்கள். ஓட்டைக்குள் ஒரு குச்சியில் பஞ்சு சுற்றி விட்டுப் பாருங்கள். காய்ந்து வெள்ளையாக வந்தால் நல்லது. பாலியூரித்தேன் சீலன்ட் தாராளமாக வைத்து முறுக்குங்கள், பாத்ரூம் சிலிக்கான் வேண்டாம். பஞ்சு ஈரமாக, டீத்தண்ணீர் நிறத்தில் வந்தால் அது போல்ட்டின் துரு மட்டுமில்லை. அணியத்தில் பலத்துக்காக உள்ளே மரப்பலகை வைத்து மேலே ஃபைபர் போட்டிருப்பார்கள், அந்தப் பலகை தண்ணீர் குடித்திருக்கிறது. கண்ட கோட்டில் பாதி மரத்தின் சாயமாகவும் இருக்கலாம். அப்படியென்றால் ஓட்டையைத் திறந்தபடி விட்டு, மேலே மழை படாமல் தார்ப்பாய் கட்டி, ஒரு மாதம் காயவிடுங்கள். சுத்தியலின் மரப்பிடியால் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். டங்கென்று கேட்கிற வரை பலகை நன்றாக இருக்கிறது, தொம்மென்று கேட்கிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடு ஒரு சாண் அகலத்துக்குள் நின்றால் ஃபைபர்காரர் ஒரு நாளில் சரிசெய்துவிடுவார். அதைத் தாண்டிப் போனால் படம் எடுத்து அனுப்புங்கள், விற்றவரிடம் பேசுவதற்கு முன் பார்த்துச் சொல்கிறேன்.